அசையும் சொத்து

கப்பலின் கொடி கடலே இல்லாத ஒரு நாட்டினுடையது.
பகிடி இல்லை. பதிவுப் பத்திரத்தை மொழிபெயர்த்தவள் நான்.
முத்திரையில் ஒரு மலையும் இரண்டு ஆடுகளும் இருந்தன.

உரிமையாளர் ஒரு தபால்பெட்டி.
அந்தத் தபால்பெட்டியின் உரிமையாளர்
வேறொரு தீவில் இன்னொரு தபால்பெட்டி.
பதினொரு மாதம்
கொட்டியாரக் குடாவில் நங்கூரம் மட்டும் எங்கள் மண்ணைப் பற்றியிருக்க
மிச்சமெல்லாம் வெளிநாடாய் நின்றது.
வாடைக்கு ஒரு பக்கம் மூக்கைத் திருப்பும்,
கச்சானுக்கு மறுபக்கம்.
இரவில் ஒரேயொரு விளக்கு.
பிறகு அதுவுமில்லை.

சமையற்காரர் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
மர்வான் கலீல், தார்தூஸ், வயது ஐம்பத்திரண்டு.
சீனி வருத்தம். மருந்து முடிந்து பதினேழு நாள்.

இறந்த இடம் எது என்று படிவம் கேட்டது.
விரல் நீளத்தில் ஒரு கட்டம்.
கப்பலுக்குள் என்றால் கொடியின் நாடு முன்னே வரும்,
கரையில் என்றால் நாங்கள் மட்டும்,
கிண்ணியா நஸ்றுதீன் வள்ளத்தில் ஏற்றி வருகையில் என்றால்
ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் நடுவில்
யாருடையதென்று நான் எழுத?

"ஜெற்றி வரைக்கும் மூச்சு இரிந்திச்சி சேர்," என்றான் நஸ்றுதீன்.
"அதுக்கு முதல் ரெண்டு பரல் தண்ணி குடுத்திரிக்கன்.
சல்லி வாங்கல்ல."
சொல்லியிருக்கக் கூடாது.
அனுமதியின்றி வெளிநாட்டுக் கப்பலை அணுகியமை:
சுங்கத்தில் அவன்மேல் ஏற்கனவே ஒரு வழக்கு.

கடலில் தவிப்பவரைக் காப்பாற்று என்கிறது ஒப்பந்தம்.
அதையும் ஒருமுறை தமிழாக்கியிருக்கிறேன்.
'கட்டாயம்' என்ற சொல்லைத் தேடித்தேடிப் போட்டேன்.
ஒப்பமிட்டவர்கள் அரசுகள்.
நஸ்றுதீனிடம் ஒருவரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

கப்டன் அரபியில் சொன்னார்.
மௌலவி தமிழில் சொன்னார்.
கடற்படைக்காக நான் சிங்களமாக்கினேன்,
கொழும்புக்காக இன்னொருவர் ஆங்கிலமாக்கினார்.
அரபியில் அது 'என் சகோதரன்' என்றிருந்ததாம்.
பதிவேட்டில் 'மேற்படி இறந்தவர்' என்று இருக்கிறது.
எந்த இடத்தில் மாறியதோ தெரியாது.
நானாகவும் இருக்கலாம்.

கப்பலைப் பிடித்துவைக்கும் அதிகாரம் கொழும்பு நீதிமன்றத்துக்கு.
எங்கள் நீதவானுக்குப் பிணம் மட்டும்.

மதிய இடைவேளையில் மான் ஒன்று வளவுக்குள் வந்து
சுங்கத்தின் போட்டோக்கொப்பியில் இரண்டு பக்கம் தின்றது.
ஒருவரும் துரத்தவில்லை.

ஒல்லாந்தர் இரண்டு விட்டுப்போனார்கள்:
மேட்டில் அந்தக் கோட்டை, எங்கள் புத்தகத்தில் அவர்கள் சட்டம்.
தங்கள் நாட்டில் அதை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள்.
நாங்கள் இன்னும் தூசு தட்டுகிறோம்.
அசையாச் சொத்துக்கு அது கிடக்கும் மண்ணின் சட்டம்.
அசையும் சொத்து
ஆளைத் தொடர்ந்து போகும்.

அசையும் சொத்துப் பட்டியலை நான்தான் தட்டச்சுச் செய்தேன்.
சேட் இரண்டு, மூக்குக்கண்ணாடி,
சத்தமில்லாத போன்,
தகரத்தில் செந்நிறத் தூள்.
தூள் அரச பகுப்பாய்வாளரிடம் போய் ஆறு வாரத்தில் திரும்பியது:
புளிப்புச் சுவை, சமையலுக்கு உரியது, குற்றமில்லை.
பதினொரு மாதச் சம்பளமும் அசையும் சொத்துத்தான்.
அது மட்டும் அசையவில்லை.

உடலைச் சொத்தென்று கொள்ளலாகாது என்றார் சட்டத்தரணி,
இதில் அநேகமாய் எல்லா நாடும் ஒத்துப்போகுமாம்.
அனுப்பக் காசு இல்லை, ஏற்கக் கடிதம் இல்லை.
கிண்ணியா மையவாடியில் அடக்கினார்கள்.

போன கிழமை மனைவியிடமிருந்து கடிதம்.
இழப்பீடு பற்றி ஒரு வரி, சம்பளம் பற்றி ஒரு வரி,
மூன்றாவதாக:
அடையாளத்துக்கு ஏதாவது வைத்தீர்களா,
என்ன எழுதியிருக்கிறது?

பார்க்கப் போனேன்.
மீசான் பலகையில்
வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ரால்
நஸ்றுதீன் தமிழில் எழுதியிருந்தான்:
மர்வான். கப்பல் குசினி.

நாலு நாளாகிறது.
பதில் எழுத உட்கார்ந்தால்
குசினியில் வந்து நிற்கிறேன்.
அதுவும் எவனோ கப்பலில் கொண்டுவந்து
இங்கேயே விட்டுப்போன சொல்.